அந்த ஒரு ஜாண் தூரம் (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ் நெய்வேலிப் பையன் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். செய்திகளில் கேரள வீரர் என்று வருகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. பிறந்தது 1993-ல், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். வளர்ந்ததும் நீச்சல் பழகியதும் நெய்வேலியில். அவருடைய அம்மா தடகள வீராங்கனையாக இருந்தவர், என்.எல்.சி.யில் வேலை பார்த்துக்கொண்டே மகனைத் தனி ஆளாக வளர்த்தவர். போட்டிகளில் சஜன் இறங்கியது கேரளத்துக்காக. 2015 தேசிய விளையாட்டுப் போட்டியில் 6 தங்கம், 3 வெள்ளி வாங்கினார், கேரள போலீஸில் வேலையும் கிடைத்தது. நெய்வேலிக்காரர்கள் தாராளமாக உரிமை கொண்டாடலாம்.

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் 24-ம் இடம்தானே வந்தார்? அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

பதில்: இடத்தைப் பார்க்காதீர்கள், அவர் அங்கே போன வழியைப் பாருங்கள். ஒலிம்பிக் நீச்சலில் ‘ஏ கட்’ என்று ஒரு தகுதி நேரம் உண்டு. அதைத் தொட்டுவிட்டால் நேரடியாக நுழையலாம். அதை யாரும் எட்டாத நாடுகளிலிருந்து ஓர் ஆண், ஒரு பெண் என்று அனுப்புவதற்கு ஓர் ஒதுக்கீடு இருக்கிறது. 2016 ரியோவுக்கு சஜன் அந்த ஒதுக்கீட்டில்தான் போனார், 28-வதாக வந்தார். அதுவரை எந்த இந்தியரும் ஏ கட்டைத் தொட்டதே இல்லை.

டோக்கியோவுக்கு ஏ கட் 1 நிமிடம் 56.48 விநாடி. 2021 ஜூனில் பெல்கிரேடில் நீந்தி 1:56.96 எடுத்தார். தேசிய சாதனைதான், தங்கமும்தான், ஆனால் அரை விநாடி போதவில்லை. தகுதி பெறக் கடைசி நாள் ஜூன் 27. ஜூன் 26 அன்று ரோமில் இறங்கினார், கடிகாரத்தில் 1:56.38 வந்தது. 0.10 விநாடி வித்தியாசம்! அவர் நீந்திய வேகத்தில் கணக்குப் போட்டால் அது சுமார் 17 சென்டிமீட்டர், ஒரு ஜாணுக்கும் குறைவு. அந்த ஒரு ஜாணுக்குப் பின்னால் என்னென்ன கிடந்தன என்று நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. கழுத்துப் பகுதி முதுகெலும்பில் டிஸ்க் விலகி, கையைத் தூக்கவே வலித்து, மாதக்கணக்கில் பயிற்சி இல்லாமல் இருந்தார். தாய்லாந்தில் பயிற்சிக்குப் போன இடத்தில் கொரோனா ஊரடங்கில் மாட்டிக்கொண்டார், நீச்சல் குளங்களையே மூடிவிட்டார்கள். அப்புறம் 2020 ஆகஸ்டில் துபாய் போய், பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் மெதுவாக, ஏறக்குறைய முதலிலிருந்து ஆரம்பித்தார்.

டோக்கியோவில் அவர் எடுத்தது 1:57.22. தங்கம் வென்ற ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் மிலாக் எடுத்தது 1:51.25. அந்த ஆறு விநாடி தண்ணீரில் பத்து மீட்டர், பெரிய இடைவெளிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒதுக்கீட்டில் போவது வேறு, தகுதி நேரத்தைத் தொட்டுவிட்டுப் போவது வேறு. அந்தக் கதவை இந்தியாவுக்கு முதலில் திறந்தவர் சஜன். அவர் ரோமில் தொட்ட அடுத்த நாளே, மல்லாந்து நீந்தும் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் இன்னொரு இந்தியரான ஸ்ரீஹரி நடராஜும் ஏ கட்டை எட்டிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின்போது கேரளத்தில் பெருவெள்ளம். தாய்வழி உறவினர்கள் சிலரைப் பற்றித் தகவலே இல்லாத நாட்கள் அவை. அந்தப் போட்டியில் இதே 200 மீட்டரில் இறுதிக்குப் போய் ஐந்தாவதாக வந்தார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இதே 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் வெள்ளி வாங்கிய இந்திய வீரர் கஜான் சிங்கோடுதான் அதை ஒப்பிட்டார்கள். நடுவில் 32 வருடம் ஓடியிருக்கிறது.

கேள்வி: எல்லா நீச்சலும் நீச்சல்தானே, பட்டர்ஃபிளை மட்டும் ஏன் அவ்வளவு கஷ்டம் என்கிறார்கள்?

பதில்: மற்ற முறைகளில் ஏமாற்ற இடம் இருக்கிறது, இதில் இல்லை. ஃப்ரீஸ்டைலில் ஒரு கை இழுக்கும்போது இன்னொரு கை கொஞ்சம் இளைப்பாறும். பட்டர்ஃபிளையில் இரண்டு கையும் ஒன்றாகத் தண்ணீருக்கு மேலே வந்தாக வேண்டும், கால்களும் சேர்ந்தே அடிக்க வேண்டும், கைகள் ஒரு முறை சுற்றி வருவதற்குள் டால்ஃபின் வால் போல இரண்டு அடி (டால்ஃபின் கிக்). 200 மீட்டரில் கடைசி 50-ஐப் பாருங்கள்: இடுப்பு கீழே இறங்கும், கைகள் தண்ணீரை விட்டு வெளியே வர மறுக்கும், மூச்சுக்காகத் தலையைத் தூக்கினால் இடுப்பு இன்னும் இறங்கும். மூச்சு வாங்குவதே கழுத்தையும் தோளையும் நம்பித்தான். கழுத்தில் டிஸ்க் விலகிய ஒருவர் இதற்கே திரும்பி வந்தார் என்றால் அதன் அர்த்தம் புரியும்.

முடிவில் இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும். அந்தக் கடைசி இழுப்பு சுவரோடு சரியாகப் பொருந்தாவிட்டால், கையை நீட்டியபடி மிதந்துபோய்த் தொடுவதா, இன்னொரு அரை இழுப்புப் போடுவதா என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுக்க வேண்டும். 2008 பெய்ஜிங்கில் 100 மீட்டரில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் அரை இழுப்புப் போட்டார், செர்பியாவின் மிலோராட் சாவிச் மிதந்து போனார். 50.58-க்கு 50.59. ஃபெல்ப்ஸுக்குத் தங்கம்.

கேள்வி: என் பையனுக்கு 11 வயது. சஜனைப் பார்த்துவிட்டு பட்டர்ஃபிளைதான் வேண்டும் என்கிறான். தோள் வலிக்கிறது என்றும் சொல்கிறான். விடலாமா?

பதில்: ஆசைப்படுகிறான், விடுங்கள், ஆனால் தூரத்தைக் குறையுங்கள். 25 மீட்டர் ஒழுங்காக அடிக்கட்டும், நீச்சல் ஒழுங்கு குலைய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு ஃப்ரீஸ்டைலுக்கு மாறட்டும். இரண்டு தோளும் பொதுவாக அசதியாக இருந்து மறுநாள் சரியானால் கவலைப்பட வேண்டாம். ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, சட்டை மாட்டக் கையைத் தூக்கும்போது முகம் சுளித்தாலோ, குளத்துக்கு அனுப்பாமல் பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப்போங்கள். இந்த வாரமே.