சாம்பாரில் மிதக்கும் காய் எத்தனை பங்கு?

கேள்வி: எனக்கு 46 வயது, திருமங்கலத்தில் வசிக்கிறேன். தினமும் 5 பங்கு காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறார்களே, ஒரு பங்கு என்பது எவ்வளவு? எங்கள் வீட்டில் நாள்தோறும் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் உண்டு. மாலையில் ஆளுக்கு ஒரு டம்ளர் பழச்சாறு குடிக்கிறோம். இது போதுமா? என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஒரு பங்கு என்பது 80 கிராம். ஐந்து பங்கும் சேர்ந்த 400 கிராமை, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சத் தேவையாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்னும் சற்றுக் கூடுதலாக, 100 கிராம் கீரை உட்பட 400 கிராம் காய்கறியும், அதற்கு மேல் 100 கிராம் பழமும் பரிந்துரைக்கிறது. இது தோலும் காம்பும் கொட்டையும் நீக்கிய பின், சமைப்பதற்கு முன்புள்ள எடை.

நீங்கள் எழுதியிருப்பது போதாது. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது. மாவுச்சத்து மிகுந்த அதைச் சோற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும். நாளை சாம்பார் ஊற்றியதும், காய்த் துண்டுகளை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிப் பாருங்கள். முருங்கைக்காய் இரண்டு துண்டு, கத்தரிக்காய் ஒரு துண்டு என்றுதான் இருக்கும். முருங்கைக்காயின் சக்கையைத் துப்பிய பிறகு வயிற்றுக்குள் போவது அரைப் பங்குகூடத் தேறாது.

சமைத்த பின் தட்டில் அளப்பது கடினம். கீரை வெந்ததும் ஒரு கைக்குள் அடங்கிவிடும். ஆகவே, வாங்கும்போதே கணக்கிடுங்கள். அரைக் கிலோ வெண்டைக்காயை நான்கு பேருக்குப் பொரியல் செய்தால், காம்பு போக ஆளுக்கு 100 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். அது ஒரு பங்குக்கும் கூடுதல். நான்கு பேருள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு, தோல், காம்பு போன்ற கழிவையும் சேர்த்து, ஏறத்தாழ 2 கிலோ காயும் கீரையும் வேண்டியிருக்கும் என்றால் பலரும் மலைத்துப் போகிறார்கள். ஆனால் குழம்பில் சேரும் தக்காளியும் வெங்காயமும் இதில் அடக்கம். மதியம் ஒரு பொரியலும் ஒரு கீரைக் கூட்டும், இரவு இட்லியோடு காய் நிறைந்த சாம்பாரும் வைத்தாலே பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

பழத்தில், நடுத்தரக் கொய்யா ஒன்று அல்லது சிறிய வாழைப்பழம் இரண்டு ஒரு பங்காகும். பழச்சாற்றை எத்தனை டம்ளர் குடித்தாலும் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் கொள்ளக் கூடாது. வடிகட்டும்போது நார்ச்சத்து போய்விடுவதால், அதிலுள்ள சர்க்கரை விரைவாக இரத்தத்தில் ஏறும். எனவே உங்கள் கணவர் சாற்றை அறவே நிறுத்திவிட்டு, பழத்தையே நறுக்கி, சாப்பாட்டோடு சேர்க்காமல் முற்பகலில் 100 கிராம் அளவுக்குச் சாப்பிடட்டும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அந்நிலையில் காய், பழங்களிலுள்ள பொட்டாசியமே கேடாக முடியும். ஆகையால் அவருக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை செய்து, அதன் முடிவை உங்கள் மருத்துவரிடம் காட்டிய பின்னரே அவருடைய அளவைக் கூட்டுங்கள்.