டெபுஸியின் கடல், ராவெலின் நீர்: கேள்வி பதில்

பிரெஞ்சு இசையில் கடலும் மேகமும் மழையும் எப்படி வந்து உட்கார்ந்தன என்று கேட்டு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். முப்பது வருடமாக நான் விடாமல் கேட்டுவரும் இசை இது, அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

இம்ப்ரெஷனிசம் ஓவியப் பாணிதானே? இசைக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது?

இரண்டு இடத்திலும் திட்டுவதற்காக வந்த பெயர்தான். 1874-ல் பாரிஸில் நடந்த கண்காட்சியில் ஓவியர் மோனேயின் சூரியோதய ஓவியத்தைப் பார்த்த ஒரு விமர்சகர், அதன் தலைப்பில் இருந்த 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தார். இசையில் அது 1887-ல் நடந்தது. அரசுப் பரிசு பெற்று ரோமில் தங்கியிருந்த இளம் இசையமைப்பாளர் க்ளோத் டெபுஸி 'வசந்தம்' என்ற படைப்பை பாரிஸுக்கு அனுப்பினார். இந்தத் தெளிவில்லாத இம்ப்ரெஷனிசத்திடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று கலை அகாடமி அறிக்கை எழுதியது.

டெபுஸிக்கு அந்தச் சொல் கடைசிவரை பிடிக்கவில்லை. 1908-ல் தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், முட்டாள்கள்தான் இதை இம்ப்ரெஷனிசம் என்கிறார்கள் என்று எழுதினார். அவர் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஓவியர்களைவிட மல்லார்மே, வெர்லேன் போன்ற கவிஞர்களிடம்தான் அவர் அதிகம் எடுத்துக்கொண்டார். பொருளை நேராகச் சொல்லாமல் அதன் சாயலை மட்டும் காட்டும் கவிதை அவர்களுடையது.

'லா மேர்' ('கடல்') எழுதியபோது டெபுஸி கடற்கரையில் இருந்தாரா?

இல்லை. 1903 கோடையில் அந்த ஆர்கெஸ்ட்ரா படைப்பைத் தொடங்கியபோது அவர் பர்கண்டிப் பகுதியில், பிஷேன் என்ற கிராமத்தில் இருந்தார். சுற்றிலும் வயலும் குன்றும்தான், கடல் எங்கோ தொலைவில். அங்கிருந்து நண்பர் மெஸஜேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் மாலுமியாகப் போயிருக்க வேண்டியவன், கடலைப் பற்றி எண்ணற்ற நினைவுகள் தன்னிடம் இருக்கின்றன, கண்முன் இருக்கும் நிஜத்தைவிட அவையே தனக்கு மேல் என்பது அதன் சாரம். சிறுவயதில் தென் பிரான்ஸின் கடலோர நகரான கானில் இருந்தபோது பார்த்த கடல் அது. 1905-ல், வேலை முடிந்து அச்சுப் பிரதியைத் திருத்தியபோதுதான் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த இசையில் அலைச் சத்தத்தைத் தேடினால் ஏமாந்துபோவோம். 1905 அக்டோபரில் பாரிஸில் முதல்முறை வாசித்தபோது பியேர் லாலோ என்ற விமர்சகருக்கும் அதுதான் நேர்ந்தது. கடலைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை, முகரவும் இல்லை என்று எழுதினார். டெபுஸி எடுத்துக்கொண்டது அலையின் சத்தத்தை அல்ல, அசைவை. ஒரு சின்ன மெட்டு எழும்பும், முழுதாக உருவாகும் முன்னே இன்னொன்று அதன் மேல் ஏறும், இரண்டும் கரைந்து மூன்றாவது வரும். மூன்று பகுதிகளில் நடுவே உள்ள 'அலைகளின் விளையாட்டு' முழுக்க இப்படித்தான்.

முதல் பகுதி விடியலில் ஆரம்பித்து நண்பகலில் முடிகிறது. தொடக்கத்தில் டிம்பனி என்ற பெரிய முரசின் மெல்லிய உருட்டலும் டபுள் பாஸும் ஹார்ப்பும் மட்டும், இருட்டு விலகுவதற்கு முந்தைய நேரம் போல. பாதி வழியில் செல்லோக்கள் மட்டும் நான்காகப் பிரிந்து பாடும் ஓர் இடம் வரும். அதற்கு 16 செல்லோ வேண்டும் என்று டெபுஸி எழுதிவைத்திருக்கிறார். பல ஆர்கெஸ்ட்ராக்களில் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள், இருப்பவர்களை வைத்துச் சமாளிப்பார்கள். இருந்தாலும் அந்த இடம் வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மூச்சு நின்றுதான் வருகிறது.

முதல் பதிப்பின் அட்டையில் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை ஓவியம் இருந்தது. மோனேயின் படம் ஒன்றும் இல்லை!

வீணை கற்கிறேன். டெபுஸி பயன்படுத்திய ஸ்கேல்களை நம் ராகங்களோடு ஒப்பிட முடியுமா?

ஸ்வரங்களை ஒப்பிடலாம், ராகமாக ஒப்பிட முடியாது. பியானோவுக்காக அவர் எழுதிய 'வ்வால்' என்ற பிரெலூடை, அதாவது ஒரு சிறு தனிப் படைப்பை, எடுத்துக்கொள்ளுங்கள் (அந்தச் சொல்லுக்குப் கப்பல் பாய் என்றும் முகத்திரை என்றும் இரு பொருள்). கிட்டத்தட்ட முழுவதும் ஆறு ஸ்வரம், எல்லாம் சம இடைவெளி. அந்த ஸ்வரங்கள் நமக்குக் கோப்ரியா ராகம்: ச ரி2 க3 ம2 த1 நி2, பஞ்சமம் கிடையாது.

ஆனால் நாம் பாடும்போது தம்புரா ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். டெபுஸிக்கு வேண்டியது அதற்கு எதிரானது. எல்லா இடைவெளியும் ஒன்றுபோல இருந்தால் எது ஷட்ஜம் என்று காதுக்குத் தெரியாது, காற்றில் மிதப்பது போல ஆகிவிடும். கீழே பி ஃபிளாட் என்ற ஒரு ஸ்வரம் மட்டும் நங்கூரம் மாதிரி ஒலித்துக்கொண்டிருக்கும். நடுவில் சில நொடி கறுப்புக் கட்டைகளில் மட்டும் வாசிப்பு பாயும், சட்டென்று காற்று பாயில் பட்டது போல. அந்த ஐந்து ஸ்வரங்களும் மோகனத்தின் ஸ்வரங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டெபுஸியின் 'ஃபான்' (1894) என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பைப் புல்லாங்குழல் தனியாகத் தொடங்குகிறதே, அது வழுக்கி இறங்கித் திரும்ப ஏறும் தூரம், ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள தூரம். பாடிப் பாருங்கள்.

பியானோவில் தண்ணீரை எப்படிக் கொண்டுவருகிறார்கள்? பெடலை (ஒலியை நீட்டிக்கும் கால்மிதியை) அழுத்தினால் போதுமா?

போதாது, பெடலை மட்டும் நம்பினால் சேறாகிவிடும். மோரிஸ் ராவெலின் 'ழ்யூ தோ' ('நீர் விளையாட்டு', 1901) வாசித்துப் பார்த்தால் புரியும். ஏழாம், ஒன்பதாம் ஸ்வரங்கள் சேர்ந்த கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) உடைத்து, மேல் ஸ்தாயியில் விரல்கள் சரளமாக ஓட வேண்டும். ஒவ்வொரு துளியும் தனியாகக் கேட்க வேண்டும், பெடல் அவற்றின் மேல் வெளிச்சம் மட்டும் போட வேண்டும். உச்சத்தில் பியானோவின் கடைசிக் கீழ்க்கட்டை அடிக்கும், உடனே கறுப்புக் கட்டைகளின் மேல் ஒரே இழுப்பு. டெபுஸியின் 'நீரில் பிரதிபலிப்புகள்' வந்தது இதற்குப் பின், 1905-ல். இந்த வகைப் பியானோ எழுத்தில் டெபுஸிக்கு முன்னோடி ராவெல்தான்.

பறவைகள்?

பிரான்ஸில் அது பழைய பழக்கம். கூப்பராங் 1722-லேயே காதலில் விழுந்த நைட்டிங்கேலுக்கு இசை எழுதினார், ராமோவுக்குக் கோழி, டாக்கனுக்குக் குயில். ராவெலின் 'சோகப் பறவைகள்' கோடை வெயிலில், இருண்ட காட்டில் சோர்ந்துபோன பறவைகள். பிற்காலத்தில் ஒலிவியே மெஸியான் காட்டுக்கே நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பறவைகளின் பாட்டை எழுதிக்கொண்டார். மனிதர் வாசிக்கும்படி வேகத்தைக் குறைத்தார், ஸ்தாயியை இறக்கினார். தாளத்துக்கு அவர் போனது சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் உள்ள தேசி தாளங்களுக்கு.

இவர்களில் யாராவது இந்தியா வந்தார்களா?

ஆல்பர்ட் ரூஸெல் 1909-ல் வந்தார். எல்லோராவும் ஜெய்ப்பூரும் காசியும் அவருடைய 'எவொகாசியோன்' என்ற இசைப் படைப்பாயின. ராவெலின் மாணவர் மோரிஸ் டிலாஜ் 1912-ல் வந்தார். அவருடைய நான்கு இந்துக் கவிதைகளில் முதலாவதன் தலைப்பே 'மெட்ராஸ்', பாடல் பர்த்ருஹரியுடையது. ஒரு குரல், சில குழல்கள், நான்கு தந்தி வாத்தியம், ஒரு ஹார்ப், அவ்வளவுதான். இதைத் தேடிக் கேளுங்கள், அநியாயமாக மறக்கப்பட்ட இசை.

புதிதாகக் கேட்பவன் எங்கே தொடங்கலாம்? தலைப்பைப் படித்துவிட்டுக் கேட்க வேண்டுமா?

பத்து நிமிடம் இருந்தால் 'ஃபான்'. அப்புறம் டெபுஸியின் 'மேகங்கள்': அதில் இங்கிலிஷ் ஹார்ன் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லும், வளர்க்கவே செய்யாது, மேகம்தான் அதைச் சுற்றி மாறிக்கொண்டிருக்கும்.

தலைப்பைப் பற்றி டெபுஸியே வழி சொல்லியிருக்கிறார். 24 பிரெலூடுகளிலும் தலைப்பை மேலே போடவில்லை, கடைசி வரிக்குக் கீழே, மூன்று புள்ளி வைத்து அடைப்புக்குறிக்குள் போட்டார். முதல் தொகுதியின் ஆறாவதை அப்படியே கேட்டுப் பாருங்கள். தயங்கித் தயங்கி ஒரு சின்ன அடி வரும். சோகமான, உறைந்த நிலக்காட்சியின் பின்னணி போல அந்தத் தாளம் ஒலிக்க வேண்டும் என்று வாசிப்பவருக்குக் குறிப்பு இருக்கிறது. கேட்டு முடித்த பிறகு பக்கத்தின் அடியில் பாருங்கள்: '…பனியில் காலடிகள்'.