மண்டப முன்பதிவுக்கு இணைய நாள்காட்டி

கேள்வி: எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபமும், பக்கத்திலேயே ஒரு சின்ன ஹாலும் இருக்கின்றன. முன்பதிவெல்லாம் டைரியில்தான். காலித் தேதிகளை எங்கள் இணையதளத்தில் காட்ட வேண்டும். ஆபீசிலிருந்தும் வீட்டிலிருந்தும் பதிய வேண்டும். எனக்கு ஓரளவு பிஎச்பி தெரியும். தயாராகக் கிடைக்கும் ஸ்கிரிப்டுகளை வைத்தே செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். மாதக் கட்டம் வரைவதை மட்டும் நீங்களே எழுத உட்காராதீர்கள். ஃபுல்கேலண்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் அதைச் செய்துவிடும். அதன் அடிப்படைப் பதிப்பு எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் தெரியும் கட்டத்தின் முதல் தேதியையும், கடைசித் தேதிக்கு அடுத்த நாளையும் அதுவே உங்கள் பிஎச்பி பக்கத்துக்கு அனுப்பும். நீங்கள் அந்த நாட்களின் பதிவுகளை ஜேசன் என்ற தரவு வடிவத்தில் திருப்பித் தந்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். முழுநாள் பதிவில் முடிவுத் தேதியை அது சேர்த்துக்கொள்ளாது. 14, 15 இரண்டு நாளும் தெரிய வேண்டுமானால் முடிவு 16 என்று கொடுக்க வேண்டும்.

உங்கள் கவனமெல்லாம் டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும். ஒரே முகூர்த்தத்தை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டால், பத்திரிகை அடித்த பிறகு யாரிடம் போய் என்ன சொல்வது?

கல்யாணம் என்றால் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். அதனால் நாளை ஒரே துண்டாக வைக்காதீர்கள். காலை, மாலை என்று பிரியுங்கள். 14ஆம் தேதி கல்யாணம் என்றால் '13 மாலை', '14 காலை' என டேபிளில் இரண்டு வரிசைகள். வளைகாப்புக்கு ஒரு காலை, வரவேற்புக்கு மட்டும் என்றால் ஒரு மாலை. அப்புறம் ஹால், தேதி, வேளை மூன்றையும் சேர்த்து ஒரு யூனிக் கீ (அதே சேர்க்கை இரண்டாம் முறை பதிவாகாமல் தடுக்கும் விதி) போடுங்கள். ஆபீசிலும் வீட்டிலும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினாலும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இரண்டாவதை மறுத்துவிடும். 'முதலில் காலியா என்று பார், பிறகு எழுது' என்று பிஎச்பியில் மட்டும் எழுதினால், பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இன்னொருவர் புகுந்துவிடலாம்.

அந்த இரண்டு வரிசைகளையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள். அதாவது இரண்டும் சேர்ந்தே பதிவாக வேண்டும்; காலை கிடைக்காவிட்டால், எழுதிய மாலையும் தானாக ரத்தாக வேண்டும். இதற்கு டேபிள் இன்னோடிபி என்ற மைஎஸ்க்யூஎல் சேமிப்பு முறையில் இருக்க வேண்டும். பழைய சேமிப்பு முறையான மைஐசாமில் இந்த வசதி கிடையாது.

ரத்தான பதிவை அதே டேபிளில் 'ரத்து' என்று குறித்து வைத்தால் யூனிக் கீ அந்தத் தேதியை விடவே விடாது. அதை வேறு டேபிளுக்கு மாற்றிவிடுங்கள். அட்வான்ஸ் கணக்குக்கும் அது உதவும்.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதாக இருந்தால் எம்ஆர்பிஎஸ் என்ற இலவச பிஎச்பி மென்பொருளை அப்படியே நிறுவிப் பாருங்கள். மீட்டிங் அறைகளுக்காகச் செய்தது அது. முகூர்த்தக் கணக்குக்கு நான் மேலே சொன்ன வழிதான் சுலபம்.

வெளியாருக்குப் போகும் ஜேசனில் ஹால், தேதி, வேளை, 'பதிவாகிவிட்டது' என்பவற்றைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. திரையில் பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஜேசனைத் தரும் பிஎச்பி பக்கத்தின் முகவரியை யாராவது நேராகத் திறந்தால், கல்யாண வீட்டாரின் பெயரும் போன் நம்பரும் வரிசையாக வந்து நிற்கும். பெயர்களோடு கூடிய பட்டியலுக்குத் தனிப் பக்கம் வையுங்கள், லாகின் செய்தவருக்கு மட்டும்.