குசினிக் கேள்வி பதில்: சின்னப் பிள்ளைகளுக்குச் சீனப் பாணியில் பன்றி விலா

கேள்வி: எனக்கு ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சீன உணவகம் ஒன்றில் இனிப்பும் புளிப்புமாகச் செய்த பன்றி விலாவை இருவரும் மிகவும் விரும்பிச் சாப்பிட்டார்கள். அதையே வீட்டில் தாச்சியில் செய்து பார்த்தபோது மேற்புறம் கருகியது. உள்ளே இறைச்சி எலும்பை விடாமல் இறப்பரைப் போல இழுபட்டது. வேலை முடிந்து நான் வீடு வந்து சேரவே ஆறு மணியாகிவிடும், எட்டு மணிக்குப் பிள்ளைகள் படுக்க வேண்டும். இதை விரைவாகச் செய்ய வழி உண்டா?

– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: வழி உண்டு. ஆனால் நெருப்பைக் கூட்டுவதால் அந்த விரைவு கிடைக்காது. பன்றி மூச்சு விடும்போதெல்லாம் விலாத் தசைகள் அசைந்துகொண்டே இருப்பதால் அவற்றில் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்ற இழை நிறைய உண்டு. இறைச்சியின் உட்புறம் 70 பாகை செல்சியசைத் தாண்டிய பின்பே அது நன்றாக இளகத் தொடங்கும். முழுவதும் கரைந்து பசையாக மாற, அதே சூட்டிலோ அதற்கும் மேலான சூட்டிலோ இறைச்சி நெடுநேரம் இருந்தாக வேண்டும். சோஸில் உள்ள சீனி அவ்வளவு நேரம் தாங்காது. இறைச்சி மெதுவாவதற்கு முன்பே தாச்சியின் அடியில் அது கருகிவிடும். நீங்கள் கண்டதும் இதுவே.

உணவகங்களில் விலாவை முன்கூட்டியே அவித்தோ பொரித்தோ வைத்துவிட்டு, சாப்பிட ஆள் வந்தபின் சோஸில் புரட்டி எடுக்கிறார்கள். மேசைக்குப் பத்து நிமிடத்தில் வருவதற்கு அதுதான் காரணம். வீட்டில் அந்த முதல் வேலையைப் பிரஷர் குக்கரிடம் ஒப்படைத்துவிடலாம். முழு அழுத்தத்தில் குக்கருக்குள் வெப்பநிலை ஏறத்தாழ 120 பாகை வரை உயர்வதால், திறந்த சட்டியில் ஒன்றரை மணி நேரம் எடுக்கும் வேலை 20 முதல் 25 நிமிடத்தில் முடிந்துவிடும், காஸும் மிச்சமாகும்.

இறைச்சி வாங்கும்போது முதுகுப் பக்கத்து விலாவைக் கேளுங்கள். வயிற்றுப் பக்கத்து விலாவில் சுவை சற்றுக் கூடுதல் என்பது உண்மைதான்; ஆனால் அதில் கொழுப்பும் குருத்தெலும்பும் அதிகம் என்பதால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தோதல்ல. ஒவ்வோர் எலும்பையும் தனித்தனியாகப் பிரித்து, ஐந்து சென்ரிமீற்றர் அளவில் வெட்டித் தரச் சொல்லுங்கள். இன்னும் சிறிதாக வெட்டினால் எலும்புச் சிராய்கள் கூடும். விலாவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வெண்மையான சவ்வு எவ்வளவு வெந்தாலும் மெல்லுவதற்குக் கடினமாகவே இருக்கும். அதன் ஓரத்தைக் கத்தி நுனியால் கிளப்பி, காகிதத் துவாயால் பிடித்து இழுத்தால் ஒரே வீச்சில் வந்துவிடும். இதை முதல்நாள் இரவே செய்து, இறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம்.

நான்கு பேருக்கு 750 கிராம் விலா போதும். அதைக் குளிர்ந்த நீரில் இட்டுக் கொதிக்க விட்டு, மூன்று நிமிடத்தில் நுரை திரண்டதும் வடித்துக் கழுவிவிட்டால் பச்சை இறைச்சி வாடை பெரும்பாலும் போய்விடும். சீன வீடுகளில் வழக்கமாகச் செய்யப்படும் இந்த வேலையை நம்மவர்கள் வீண் என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் மிளகாயும் கொறக்காவும் போட்டு வாடையை மறைக்க முடியாத பிள்ளைகள் கறிக்கு இது அவசியம் என்பது என் எண்ணம். பிறகு விலாவைக் குக்கரில் இட்டு, நான்கு துண்டு இஞ்சி, நான்கு பல் உள்ளி, ஓர் அன்னாசிப்பூ, சிறு துண்டு கறுவா, ஒரு பிடி வெங்காயத்தாள், ஒன்றரைக் கோப்பை தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து மூடுங்கள். முதல் விசில் வந்ததும் நெருப்பைக் குறைத்து 20 நிமிடம் விட்டு, அடுப்பை அணைத்தபின் அழுத்தம் தானாக இறங்கும்வரை பொறுத்திருங்கள். ஆவியைச் சட்டென்று வெளியேற்றினால் உள்ளே நீர் பொங்கி இறைச்சி சிதையக்கூடும். அந்த நேரத்தில் சோற்றையும் பிள்ளைகளின் குளிப்பையும் பார்த்துக்கொள்ளலாம்.

இனிச் சோஸ். விலாவை மெதுவாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, நீரின் மேல் மிதக்கும் கொழுப்பை அகப்பையால் அள்ளி எறியுங்கள். எஞ்சிய நீரில் ஒரு கோப்பையை அகன்ற தாச்சியில் ஊற்றி, அரைக் கோப்பை தோடம்பழச் சாறு, ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, இரண்டு தேக்கரண்டி கித்துள் பாணி சேர்த்துப் பெருநெருப்பில் வற்ற விடுங்கள். கரண்டியில் ஒட்டிப் பளபளக்கும் பதம் வந்ததும் விலாவை இட்டு இரண்டு நிமிடம் புரட்டினால் வேலை முடிந்தது. விலாவிலிருந்து கரைந்து வந்த பசையே சோஸைக் கெட்டியாக்கிவிடும் என்பதால் சோளமா தேவைப்படாது. வெட்டிய இறைச்சி தயாராக இருந்தால் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

பெரியவர்களுக்கு உறைப்பு வேண்டுமென்றால் கட்டச்சம்பலைத் தனியாக மேசையில் வையுங்கள். நம் ஊர் ‘டெவில்’ கறியைப் போலக் கொத்துமிளகாயைச் சோஸுக்குள் போட்டுவிட்டால் பிறகு பிள்ளைகளின் பங்கைப் பிரிக்க வழியில்லை.

ஆறு வயதுப் பிள்ளை எலும்பைக் கையில் பிடித்துக் கடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். மூன்று வயதுப் பிள்ளைக்கோ எலும்போடு கொடுக்க வேண்டாம். குக்கரில் வெந்த விலாவிலிருந்து சிறு குருத்தெலும்புத் துண்டுகள் எளிதில் கழன்று வரும். அவை தொண்டையில் அடைத்துவிடக்கூடும். இறைச்சியை நார்நாராகப் பிய்த்து, விரலால் தடவிப் பார்த்து, சோற்றோடு பிசைந்து கொடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. சோயா சோஸும் தேனும் சேர்த்த இறைச்சியை அவனுக்குக் கொடுக்கலாமா?

– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தேனை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் அறவே கூடாது. அதில் இருக்கக்கூடிய, நஞ்சை உண்டாக்கும் பொற்றுலிசக் கிருமியின் வித்துகள் நம் அடுப்புச் சூட்டில் அழிவதில்லை என்பதால் சமைத்த தேனும் கூடாது. உங்கள் மகன் அந்த வயதைக் கடந்துவிட்டான், அந்த அச்சம் இல்லை. ஆயினும் தேன், கித்துள் பாணி, சீனி எதுவானாலும் இனிப்பு இனிப்புத்தான். இரண்டு வயது வரை அதைச் சேர்க்காமல் தோடம்பழச் சாற்றின் இனிப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றியே. பிரித்தானியச் சுகாதார வழிகாட்டலின்படி ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு உப்பு 2 கிராமுக்கு மேல் போகக்கூடாது. நான்கு முதல் ஆறு வயதுக்கு 3 கிராம். சாதாரண சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே இரண்டு கிராமுக்குச் சற்று மேல் உப்பு உண்டு. அதாவது ஒரே ஒரு மேசைக்கரண்டி உங்கள் மகனின் ஒரு நாள் அளவைத் தாண்டிவிடுகிறது. மேலே சொன்ன செய்முறையில் முழுச் சட்டிக்கும் ஒரு மேசைக்கரண்டி மட்டுமே சேர்த்து வேறு உப்பே போடாததற்குக் காரணம் இதுதான். நான்கு பங்காகப் பிரித்தால் ஆளுக்கு அரைக் கிராமுக்குச் சற்று மேல் வரும். உங்கள் மகனுக்கென்றால் அதுவும் வேண்டாம். குக்கரைத் திறந்தவுடன் சோஸில் சேராத இறைச்சியில் அவன் பங்கைப் பிய்த்து எடுத்து, வெந்த நீரில் இரண்டு கரண்டி விட்டுப் பிசைந்து கொடுங்கள். அன்னாசிப்பூவும் கறுவாவும் இஞ்சியும் ஊறிய அந்த நீருக்கு உப்பில்லாமலே நல்ல மணம் உண்டு.

சோயா சோஸ் பொதுவாகச் சோயா அவரையோடு கோதுமையும் சேர்த்தே செய்யப்படுகிறது. இவற்றில் எதுவும் ஒவ்வாத பிள்ளை என்றால் போத்தலின் மேலுள்ள தாளை வாசிக்காமல் பயன்படுத்த வேண்டாம். சிப்பி சோஸுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கேள்வி: சீனச் செய்முறை ஒன்றில் வைன் 1, வினாகிரி 2, சீனி 3, சோயா சோஸ் 4, தண்ணீர் 5 என்று அளவு போட்டிருந்தது. பிள்ளைகளுக்கு வைன் சேர்க்கலாமா? எள்ளெண்ணெய்க்குப் பதிலாக நம் நல்லெண்ணெய் பாவிக்கலாமா?

– ஒரு தந்தை, பம்பலப்பிட்டி

பதில்: நினைவில் வைக்க எளிதான பழைய கணக்கு அது. வைனும் தண்ணீரும் முதலிலும் முடிவிலும் நிற்க, இடையிலுள்ள மூன்றின் வரிசை வீட்டுக்கு வீடு மாறும். உங்களுக்குக் கிடைத்த வரிசையில் அரைக் கிலோ விலாவுக்கு நான்கு மேசைக்கரண்டி சோயா சோஸ் போகிறது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், அது பெரியவர்களுக்கே கூடுதல். பிள்ளைகளுக்காகச் சமைக்கும்போது அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

வைனும் தேவையில்லை. கொதித்தால் மதுசாரம் முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கால் மணி நேரம் கொதித்த பிறகும் ஏறத்தாழ 40 வீதம் எஞ்சியிருக்கும் என்பதே அளந்து கண்ட முடிவு. வாடையை நீக்குவதற்குத்தான் அதைச் சேர்க்கிறார்கள். அந்த வேலையை இஞ்சியும் முதற்கொதி நீரை வடிப்பதும் செய்துவிடும்.

சீனர்கள் பாவிப்பது வறுத்த எள்ளிலிருந்து எடுத்த, கருமையான, மணம் மிகுந்த எண்ணெய். நல்லெண்ணெய் வறுக்காத எள்ளிலிருந்து வருவதால் அந்த மணம் அதில் கிடைக்காது. அதற்கென்று ஒரு போத்தல் வாங்கவும் வேண்டாம். ஒரு தேக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, நுணுக்கிக் கடைசியில் தூவினால் போதும்.

கேள்வி: நன்றாக வெந்த பிறகும் எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக இருக்கிறது. பன்றி இறைச்சியில் புழு இருக்குமென்று என் மாமியார் அஞ்சுகிறார்.

– வாசகி, வத்தளை

பதில்: மாமியாரின் அச்சம் காரணமற்றதல்ல. அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியால் நாடாப்புழுவும் திரிக்கினெல்லா என்ற புழுவும் மனிதருக்குத் தொற்றும் என்பது தெரிந்த விடயம். ஆனால் அவை இறப்பதற்கு 120 பாகை தேவையில்லை. முழுத் துண்டு இறைச்சியின் உட்புறம் 63 பாகையை எட்டி மூன்று நிமிடம் நின்றாலே போதுமென்று அமெரிக்க வேளாண்மைத் திணைக்களம் வரையறுத்திருக்கிறது. குக்கரில் இருபது நிமிடம் வெந்த விலா அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். இளம் விலங்குகளின் எலும்பு மச்சையிலுள்ள நிறம் வேகும்போது வெளியே கசிந்து பக்கத்து இறைச்சியைச் சிவப்பாக்கும். வேகாமைக்கு அது அடையாளமல்ல. இறைச்சி எலும்பை விட்டுத் தானாகக் கழல்கிறதா என்று பாருங்கள், அதுவே போதிய சான்று.

கேள்வி: நாங்கள் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. இதே சுவையில் வேறு என்ன செய்யலாம்?

– வாசகர், மருதானை

பதில்: கோழிக்கால். குக்கர் வேண்டாம், அதே சேர்மானங்களோடு மூடிய சட்டியில் இளஞ்சூட்டில் அரை மணி நேரம் அவித்து, அதே சோஸில் புரட்டுங்கள்.

கேள்வி: இரவு மிஞ்சிய விலாவை மறுநாள் பாடசாலைக்குக் கட்டிக் கொடுக்கலாமா?

– ஒரு தாய், தெஹிவளை

பதில்: கொழும்பின் வெக்கையில் சமைத்த இறைச்சியையும் சோற்றையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. காலை ஆறரைக்குக் கட்டிய சாப்பாட்டுப் பெட்டி இடைவேளை வரைக்கும் வகுப்பறைப் பையில் கிடக்கும் என்பதால், சாதாரணப் பெட்டியில் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். வாய் அகன்ற வெப்பக்குடுவை இருந்தால் கொடுக்கலாம். குடுவையைக் கொதிநீரால் பத்து நிமிடம் சூடாக்கி வடித்துவிட்டு, எலும்பு நீக்கிய இறைச்சியைச் சோஸோடு கொதிக்கக் கொதிக்க அதில் இட்டு உடனே மூடுங்கள். இதற்கு, இரவில் மிஞ்சியது சாப்பிட்டு முடிந்தவுடனேயே குளிர்சாதனப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். அங்கே மூன்று நாள் வரை வைத்திருக்கலாம், ஆனால் ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.