ராத்திரி சாப்பிடாவிட்டாலும் காலையில் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். ராத்திரி இரண்டு இட்லிதான். படுக்கும்போது 130, காலையில் வெறும் வயிற்றில் 155. ஒளித்து வைத்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று மகன் கேட்கிறான். ஒரு வாரமாக இட்லியையும் விட்டுவிட்டேன், அப்படியும் குறையவில்லை. ஏன் டாக்டர்?

பதில்: முதலில் இதை உங்கள் மகனைப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா. ஒரு வாய் சாப்பிடாமலேயே இப்படி ஏறும், தினமும் இதே கேள்வியோடு யாராவது என்னிடம் வருகிறார்கள்.

சாப்பாட்டால் சர்க்கரை ஏறுகிறது, கணையம் இன்சுலின் சுரந்து இறக்குகிறது என்று மட்டும்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ரத்தம் முழுவதிலும் சேர்த்து இருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். மூளை மட்டுமே நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் செலவழிக்கிறது, நீங்கள் தூங்கும்போதும் அது நிற்பதில்லை. அப்படியானால் ராத்திரி முழுக்க யாரோ சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் கல்லீரல்.

பிரான்ஸில் கிளாட் பெர்னார் என்ற உடலியல் அறிஞர் 1848-லேயே இதைப் பிடித்துவிட்டார். தாவரங்களால்தான் சர்க்கரையை உண்டாக்க முடியும், விலங்குகளால் முடியாது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. வெறும் இறைச்சி தின்ற நாயின் கல்லீரலிலிருந்து வெளியேறும் ரத்தத்திலும் சர்க்கரை இருப்பதை அவர் காட்டினார். அப்புறம் 1889-ல் மேரிங், மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு நாயின் கணையத்தை எடுத்ததும் அதற்கு நீரிழிவு வந்தது, 1921-ல் டொராண்டோவில் இன்சுலின் கிடைத்தது, எல்லோர் கண்ணும் கணையத்தின் பக்கம் திரும்பிவிட்டது. உயிர்களைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கல்லீரலை நோயாளிகளிடம் பேசவே மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

உண்மையில் ராத்திரியில் இன்சுலினின் முக்கியமான வேலையே கல்லீரலை அடக்கி வைப்பதுதான். டைப் 2 நீரிழிவில் கல்லீரல் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை, சர்க்கரையை விடச் சொல்லும் குளுக்ககான் என்ற ஹார்மோனும் கூடுதலாகச் சுரக்கிறது. விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் வேறு சேர்ந்துகொள்ளும், நம்மை எழுப்பத் தயார்செய்யும் உடம்பின் ஏற்பாடு அது. உங்கள் 155 அங்கிருந்துதான் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் பட்டினி போடாதீர்கள். வயிறு காலியாக இருந்தால் கல்லீரல் தன் கையிருப்பை எடுத்து விடும், அது தீர்ந்தால் புரதத்திலிருந்தும் புதிதாகச் செய்யும். எட்டு மணிக்குள் இட்லியைச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் நடந்துவிட்டுப் படுங்கள். மெட்ஃபார்மின் பெரும்பாலும் கல்லீரலில்தான் வேலை செய்கிறது, ஆகவே அளவையோ நேரத்தையோ மாற்றினால் பலன் கிடைக்கலாம், ஆனால் அதை நீங்களாகச் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நாள் படுக்கும்போதும், விடியற்காலை மூன்று மணிக்கும், எழுந்ததும் பார்த்துக் குறித்துக்கொண்டு, மூன்று மாத சராசரிப் பரிசோதனையான ஹெச்பிஏ1சி-யும் எடுத்து, உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.