வாசகர் கேள்வி: அந்த அட்டையில ஏன் எப்பவும் ஒரு பொண்ணு அலறிட்டே இருக்கா?

கேள்வி: பழைய அமெரிக்க ஹாரர் காமிக்ஸ் அட்டைங்களைப் பாத்தா, ஒரு பொண்ணு கட்டிப்போட்டுக் கிடக்கா, பின்னாடி ஒரு பேய் கத்தியோட நிக்குது. எல்லாத்துலயும் ஏன் இதே படம்? உள்ள கதையும் இப்படித்தானா?
வாசகி, திருச்சி

பதில்: 1947-ல ஏவன் கம்பெனி போட்ட 'ஈரி' முதல் இதழ் அட்டையே நீங்க சொல்றதுதான். சிவப்பு கவுன் போட்ட பொண்ணு, கை கட்டியிருக்கு, கத்தியோட ஒரு பிசாசு நெருங்குது. முழுக்க ஹாரருக்குன்னே வந்த முதல் காமிக்ஸா பலர் இதைத்தான் சொல்றாங்க.

ஆனா படம் அதுக்கும் ரொம்ப பழசு. 1781-லயே லண்டன்ல ஃபியூசெலிங்கிற ஓவியர், வெள்ளை உடுப்புல தலை தொங்கிக் கிடக்குற பொண்ணு நெஞ்சு மேல ஒரு குட்டிப் பிசாசு உக்காந்திருக்கற மாதிரி வரைஞ்சிட்டாரு. அப்புறம் 1930-கள்ல மலிவுக் காகிதத்துல வந்த கதைப் பத்திரிகைங்க இதையே பிடிச்சுக்கிச்சு. இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது, 'வியர்ட் டேல்ஸ்'ல அப்படி அட்டைங்களை வரைஞ்சு புகழ் வாங்கினது ஒரு பெண், மார்கரெட் ப்ரண்டேஜ், பேஸ்டல்ங்கற வண்ணக் குச்சியில வரைவாங்க, கையெழுத்துல 'எம்.'னு மட்டும் இருந்ததால ஆம்பளைன்னே பல வாசகர்கள் நினைச்சிட்டு இருந்தாங்க. தங்க கதைக்கு அவங்க வரையற அட்டை கிடைக்கணும்னே கதைக்குள்ள அந்த மாதிரி ஒரு சீன் சேத்த எழுத்தாளர்களும் உண்டு!

காரணம் வியாபாரம்தாங்க. கடையில வரிசையா தொங்குற அத்தனை புக்ல 10 சென்ட் வச்சிருக்கற பையன் ஒண்ணைத்தான் எடுப்பான். இருட்டு பின்னணியில சிவப்பு கவுன் தூரத்துலயே கண்ணுல படும், அவ முகத்துல பயம் இருந்தா பேயை சுமாரா வரைஞ்சாக்கூட போதும், நாமளும் பயந்துருவோம். அப்படின்னா பயத்தை சுமக்கற வேலை முழுக்க அவ தலையில, ஆனா பெரும்பாலும் அவளுக்குப் பேர்கூட கிடையாது, எனக்கு அது உறுத்துது.

உள்ள கதை பல தடவை நேர் எதிர். 1950-ல இ.சி. காமிக்ஸ்ங்கற கம்பெனி தொடங்கின ஹாரர் வரிசைங்கள்ல புருஷனைக் கொல்ற பொண்டாட்டிங்க நிறைய வருவாங்க, திட்டம் போடறதே அவங்கதான். அதுக்காக இ.சி. அட்டைங்க சாதுன்னு நினைச்சிடாதீங்க. 1954-ல அவங்க க்ரைம் வரிசையில ஒருத்தன் ஒரு கையில கோடாரி, இன்னொரு கையில பொண்ணோட வெட்டின தலையோட நிக்கற அட்டை வந்தது, ஜானி க்ரெய்க் வரைஞ்சது. காமிக்ஸ் பத்தி நடந்த அமெரிக்க செனட் விசாரணையில கெஃபாவர்ங்கற செனட்டர் அதைக் காட்டி இது நல்ல ரசனையான்னு கேட்டதுக்கு, பதிப்பாளர் கெய்ன்ஸ், ஹாரர் காமிக்ஸ் அட்டைக்கு ஆமான்னுட்டாரு. அதே வருஷம் பதிப்பாளர்களே சேர்ந்து 'காமிக்ஸ் கோட்'னு ஒரு விதித் தொகுப்பு கொண்டு வந்தாங்க, தலைப்புல ஹாரர், டெரர்ங்கற வார்த்தைங்களே கூடாதுன்னு. பெண்களோட உடம்பை மிகைப்படுத்தாம வரையணும்னும் அதுல இருந்தது.

கேள்வி: அப்புறம் யாராவது மாத்தினாங்களா?
வாசகர், சேலம்

பதில்: பாதி மாத்தினாங்க. அந்த காமிக்ஸ் கோட் விதிகளுக்குள்ள வராத கருப்பு வெள்ளை பத்திரிகையா வாரன் கம்பெனி 1969-ல 'வேம்பிரெல்லா' கொண்டு வந்தது, இங்க ரத்தம் குடிக்கறதே பொண்ணு, கதையே அவ பேர்லதான். உடுப்பு மட்டும் பழைய அட்டைங்களைவிடக் கம்மி.