பெரிதாக எதிர்பார்க்காமல் விளையாடி, பிறகு அசந்துபோன பழைய வீடியோ கேம் எது?

என் பதில் 2004-ல் வந்த "தி கிரானிக்கிள்ஸ் ஆஃப் ரிடிக்: எஸ்கேப் ஃப்ரம் புட்சர் பே". பெயர் நீளமாக இருப்பதால் இனி புட்சர் பே என்றே சொல்கிறேன்.

ஏன் எதிர்பார்ப்பே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தை வைத்து எடுத்த கேம் என்றாலே அப்போதெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் வாங்க யோசிப்பார்கள். படம் தியேட்டருக்கு வருகிற நேரத்தில் கேமும் கடையில் இருந்தாக வேண்டும், அது முழுதாகத் தயாராகியிருக்கிறதா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். 1982-ல் அட்டாரி வெளியிட்ட "ஈ.டி." கேம் இதற்குப் பேர்போன உதாரணம். கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா அதைச் சுமார் 5 வாரத்தில் எழுதி முடித்தார். விற்காமல் மலைபோல் தேங்கிய கேம் கார்ட்ரிட்ஜ்களில் ஒரு பகுதியை நியூ மெக்சிகோவில் அலமோகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-ல் அந்த இடத்தைத் தோண்டி வெளியே எடுத்தும் காட்டினார்கள். இத்தனை குறைந்த நாளில் ஒரு முழு கேமை ஒரே மனிதர் எழுதியதே பெரிய காரியம் என்பதால் வார்ஷாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "பட கேம்" என்ற சொல்லுக்கு விழுந்த கெட்ட பெயர் அப்புறம் போகவே இல்லை.

புட்சர் பேயும் அந்த வகைதான். வின் டீசல் நடித்த "பிட்ச் பிளாக்" 2000-ல் வந்தது. சின்ன பட்ஜெட், இருட்டு, கொடூரமான ஜந்துக்கள், நடுவில் ரிடிக் என்ற தப்பியோடிய கைதி. நல்ல படம். அதன் தொடர்ச்சியாக 2004 ஜூனில் பெரிய செலவில் அடுத்த படம் வந்தது. பேரரசு, படையெடுப்பு, தீர்க்கதரிசனம் என்று கதை எங்கெங்கோ போனது, ரிடிக் காணாமல் போனான். நான் முதலில் பார்த்தது அந்தப் படத்தைத்தான். அதே மாதம், டிவியில் மாட்டி விளையாடும் எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் வந்த கேம் (பிசிக்கு அந்த வருடக் கடைசியில் வந்தது) எப்படி இருக்கும் என்று நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கேமை எடுத்தவர்கள் ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்த ஸ்டார்பிரீஸ் நிறுவனத்தார். வின் டீசல் கேம்களுக்காகவே தொடங்கிய டைகன் ஸ்டுடியோஸும் கூட இருந்தது. படத்தின் கதையை லெவல் லெவலாக வெட்டித் தருவதுதான் வழக்கம். இவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு படங்களுக்கும் முன்னால் நடக்கிற கதை ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ரிடிக்கை ஒரு சிறைக்குக் கொண்டுவருகிறார்கள், அவன் அங்கிருந்து தப்ப வேண்டும். கதை அவ்வளவுதான். உலகத்தைக் காப்பாற்றுகிற வேலை எதுவும் கிடையாது. என்னைப் பொறுத்தவரை இந்த கேம் ஜெயித்ததே இந்த ஒரு முடிவால்தான். கையில் இருந்த நேரத்தை ஒரே ஓர் இடத்தை முழுமையாகக் கட்டுவதில் செலவழித்திருக்கிறார்கள்.

அந்த இடம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். 2004-ல் ஃபர்ஸ்ட் பெர்சன் கேம், அதாவது பாத்திரத்தின் கண் வழியாகவே பார்த்து விளையாடும் கேம் என்றால் திரையின் மூலைகளில் ஹெல்த், குண்டு எண்ணிக்கை, குறிபார்க்கும் கோடு என்று எல்லாம் நிரம்பி வழியும். இதில் திரை காலி. அடி வாங்கும்போது மட்டும் சில வெள்ளைச் சதுரங்கள் தோன்றும், பிறகு மறைந்துவிடும். நீங்கள் இருட்டில் பதுங்கி, யார் கண்ணிலும் படாமல் இருக்கிறீர்கள் என்பதைத் திரையில் பரவும் ஒரு நீலச் சாயல் சொல்லிவிடும். குனிந்தால் உங்கள் கால்கள் தெரியும். உடம்பில்லாமல் மிதக்கிற துப்பாக்கியாக இல்லாமல், அந்தக் கனமான உடம்புக்குள் இருக்கிறோம் என்ற உணர்வு முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடும்.

அடுத்தது துப்பாக்கி. சிறைக்காவலன் ஒருவனை வீழ்த்திவிட்டு, கீழே கிடக்கும் அவன் ரைஃபிளை எடுக்கப் போனால் ஷாக் அடிக்கும்! துப்பாக்கிகள் காவலர்களின் டிஎன்ஏவுக்குப் பூட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் டிஎன்ஏவை அந்தப் பதிவில் ஏற்றும்வரை துப்பாக்கி உங்களுக்குக் கிடையாது. ஷூட்டர் என்று நினைத்து உட்கார்ந்த கேமில் துப்பாக்கியே எட்டாக்கனியாக இருக்கும். கையில் இருப்பது முஷ்டி, கூராக்கிய ஒரு கம்பித் துண்டு, ஸ்க்ரூடிரைவர், இப்படித்தான். ஒரு சிறையில் வேறு என்ன இருக்கும்? இந்த ஒரு விதியால் கேமின் போக்கே மாறிவிடுகிறது. முற்றத்தில் திரியும் கைதிகளிடம் பேச வேண்டும், ஒருவனுக்கு வேலை முடித்துக் கொடுத்து இன்னொருவனிடமிருந்து கத்தி வாங்க வேண்டும், எந்தக் கும்பல் யாருக்கு ஆகாது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கைச்சண்டையும் அருமை. எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டே அடிக்கிறோமோ அதற்கேற்ப குத்து மாறும். காவலன் நெருங்கி வந்து துப்பாக்கியால் இடிக்கும்போது சரியான நொடியில் பதிலடி கொடுத்தால், ரிடிக் அந்தத் துப்பாக்கியை அவன் பக்கமே திருப்பிவிடுவான். விசையில் இருப்பது காவலனின் விரல்தானே, அதனால் டிஎன்ஏ பூட்டு குறுக்கே வராது. போட்ட விதியைக் கடைசிவரை யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

காயத்துக்கு மருந்துப் பெட்டியும் வழியில் உருண்டு கிடக்காது. சுவரில் ஒரு இயந்திரம் இருக்கும், அதில் போய் நின்றால் கழுத்தில் ஊசிகள் இறங்கும். முதல் தடவை பார்க்கும்போது உடம்பு கூசியது. பொறுக்குவதற்கென்று இருப்பவை சிகரெட் பாக்கெட்டுகள்தான், அவற்றைச் சேர்த்தால் கேம் தயாரிப்பின்போது வரைந்த ஓவியங்கள் போன்றவை திறக்கும்.

பாதி வழியில் ரிடிக்குக் கண் மாறுகிறது. "பிட்ச் பிளாக்" பார்த்தவர்களுக்கு அந்தப் பளபளக்கும் கண் தெரியும். இங்கே அது கிடைத்ததும் கும்மிருட்டெல்லாம் பகலாகிவிடும், ஆனால் வெளிச்சத்தில் அதைப் பயன்படுத்தினால் கண் கூசி எதுவும் தெரியாது. அதுவரை பயந்து ஒதுங்கிய நாம், அதற்குப் பிறகு விளக்குகளைச் சுட்டு உடைத்துக்கொண்டே போவோம். காவலர்கள் டார்ச் அடித்துத் தேடும்போது நாம் கூரை இருட்டில் தொங்கிக்கொண்டிருப்போம். நிழல்கள் இவ்வளவு துல்லியமாக விழுந்தால்தான் இந்த ஆட்டமே நடக்கும். அதை 64 எம்பி நினைவகமும் 733 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் கொண்ட எக்ஸ்பாக்ஸில் ஓட்டிக் காட்டினார்கள், அதுவும் நிழலுக்குப் பேர்போன "டூம் 3" வருவதற்கு முன்பே.

குறையும் இருக்கிறது. சுரங்கத்தில் ஜந்துக்களைச் சுட்டுக்கொண்டே போகிற பகுதி சாதாரண ஷூட்டர்தான், சீக்கிரம் முடியட்டும் என்று இருந்தது. நல்லவேளை, அதைத் தாண்டியதும் கைதிகளை உறைநிலைத் தூக்கத்திலேயே வைத்து, கொஞ்ச நேரம் மட்டும் எழுப்பி உலவவிடுகிற கடைசிச் சிறை வருகிறது. அந்த வெள்ளை அறை இன்னும் என் மனதில் இருக்கிறது.

எதிர்பார்ப்பை மீறிய பட கேம்கள் வேறு இல்லையா என்று கேட்டால், நிச்சயம் உண்டு. ஜேம்ஸ் பாண்ட் கேமான "கோல்டன்ஐ 007", அதன் படம் வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து 1997-ல் நிண்டெண்டோ 64-க்கு வந்தது. ரேர் நிறுவனத்தில் மார்ட்டின் ஹோலிஸ் தலைமையில் இருந்த சிறிய குழுவில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் கேம். 80 லட்சத்துக்கு மேல் விற்றது. நான்கு பேர் ஒரே டிவியில் விளையாடும் பகுதியைத்தான் எல்லோரும் இன்று நினைவில் வைத்திருக்கிறார்கள், அதைச் சேர்த்ததே தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில்தான். தேதியைத் தவறவிட்டதுதான் அந்த கேமுக்கு நல்லதாகப் போனது. 2004-ல் வந்த "ஸ்பைடர்-மேன் 2" கன்சோலில் அற்புதம், வலை நிஜமான கட்டடத்தில் போய் ஒட்டும், அதற்கேற்ப ஊசலாடலாம். ஆனால் பிசிக்கு அதே பெயரில் வந்தது வேறொரு குழு எடுத்த, சிறுவர்களுக்கான எளிய கேம். நம் ஊரில் பலரிடம் அப்போது பிசிதான் இருந்தது, அந்த ஏமாற்றத்தை அனுபவித்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டார்பிரீஸிலிருந்து வெளியேறிய சிலர் 2009-ல் அதே உப்சாலாவில் மெஷின்கேம்ஸ் என்று புதிதாகத் தொடங்கினார்கள். 2014-ல் "வுல்ஃபன்ஸ்டைன்: தி நியூ ஆர்டர்" எடுத்தவர்கள் இவர்கள்தான். 2024-ல் "இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்" எடுத்தவர்களும் இவர்களே. இண்டியானா ஜோன்ஸை ஏன் ஃபர்ஸ்ட் பெர்சனில் எடுக்கிறார்கள் என்று பலர் முதலில் முணுமுணுத்தபோது எனக்குக் கவலையே வரவில்லை. கேம் வந்தபின் பார்த்தால் அதே முஷ்டிச் சண்டை, அதே பதுங்கல், ஆட்களிடம் பேசித் தகவல் பிடிக்கிற அதே வேலை. புட்சர் பேயின் தலைமை வடிவமைப்பாளர் யென்ஸ் ஆண்டர்சன் இதிலும் வடிவமைப்பு இயக்குநர்.

இப்போது விளையாட விரும்பினால் இரண்டு வழி. 2009-ல் வந்த "அசால்ட் ஆன் டார்க் அதீனா" தொகுப்பில் புட்சர் பேயைப் புதிய கிராபிக்ஸுடன் மறுபடி சேர்த்திருக்கிறார்கள். பழைய பிசி பதிப்பான "டெவலப்பர்ஸ் கட்" கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன். எடுத்தவர்களே ஒவ்வோர் இடத்தையும் எப்படி யோசித்தோம் என்று பேசும் குரல் பதிவுகள் அதில் இருக்கின்றன. முதல் முறை அவற்றைக் கேட்காமல் விளையாடி முடித்துவிட்டு, இரண்டாவது முறை கேட்டுக்கொண்டே போங்கள்.